சுவர் வழியாக வீடு திரும்பியது

எலும்பு உடைகிற சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். வெயில் காலத்தில் ரப்பர்க் காய் வெடித்து விதை தெறிக்குமே, அதே சத்தம். படியில் சறுக்கி விழுந்தபோது முதலில் கேட்டது அதுதான். வலி அப்புறம்தான் வந்தது. மரங்களை எல்லாம் வெட்டிச் செம்பனை நட்டுப் பல வருஷம் ஆகிவிட்ட இடத்தில் ரப்பர்க் காய் எங்கே வெடிக்கிறது என்று ஒரு கணம் யோசித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன். வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வெளிப்பக்கமாகத் திரும்பி, யாருடைய காலோ போலக் கிடந்தது.

என் பெயர் பாக்கியம். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பால்மரம் சீவியவள். இதை எழுதச் சொன்னது என் மருமகள் சாந்தி. "நீங்க சொல்றத எழுதி வச்சா நாலு பேருக்கு உதவும் அத்தை" என்றாள். எந்நேரமும் இதையே பேசி அவள் காதைப் புண்ணாக்குகிறேன் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். எப்படியோ, இடுப்பு உடைந்தவர்கள் இதைப் படிக்கலாம். உடையாதவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், அதுவும் வீடு கட்டப் போகிறவர்கள்.

முதலில் அந்த வீட்டைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் எஸ்டேட்டை விற்றபோது, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வேலு எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். எங்கள் இரண்டு பேர் சேமநிதிப் பணத்தையும் போட்டு, ஒரு மேட்டுச் சரிவில் நிலம் வாங்கிப் பலகை வீடு கட்டினோம். கட்டியவர் ஆ சாய் என்ற சீனத் தச்சர். எஸ்டேட்டுக்கே வேலை செய்து வந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கத்தைக் காட்டி, "இங்க கதவு வச்சா படி வேணாம்லா. நேரா உள்ள போலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "படி இல்லாத வீட்டுல பொறந்து படி இல்லாத வீட்டுலயே வளர்ந்தாச்சு. நம்ம வீட்டுக்குப் படி வேணும்" என்றார்.

எஸ்டேட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் லயம் தரையோடு தரையாக இருக்கும். கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்குப் படி உண்டு. மருந்து கொடுக்கும் டிரசர் வீட்டுக்கும் உண்டு. துரை பங்களாவுக்கு எண்ண முடியாத படி. சம்பளம் வாங்கவும் திட்டு வாங்கவும் நாங்கள் படிக்குக் கீழேதான் நிற்போம். அதனால் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், சாகிற வரை இருக்கப் போகிற வீட்டுக்கு, பள்ளத்துப் பக்கம் பார்த்து ஏழு படி வைத்தோம். சமையலறை சிமெண்டுத் தரை, அதற்கு இறங்க உள்ளேயே இன்னொரு நாலு படி. கக்கூஸ் பின்னால், தனியாக. வீடு கட்டும்போது எல்லாரும் தங்களுக்கு வயசே ஆகாது என்று நினைத்துத்தான் கட்டுகிறார்கள். நாங்களும் மனிதர்கள்தானே.

வேலு அந்த வீட்டில் மூன்று வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கோயில் பண்டாரம் பஞ்சாங்கம் பார்த்தார். அவிட்ட நட்சத்திரம். அடைப்பு, ஆறு மாசம் என்றார்.

அடைப்பு என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் இறந்தவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரைத் திறந்து எடுத்துப் போய், வந்து சுவரை அடைத்துவிட வேண்டும். இறந்தவர் திரும்பி வந்து, தான் போன வழியைத் தேடினால் அங்கே வெறும் சுவர்தான் இருக்கும். வழி தெரியாமல் போய்விடுவார். வேலு இறந்த அறை மேட்டை ஒட்டியது, வெளி மண்ணும் உள்தரையும் ஒரே மட்டம். சொந்தக்காரர்கள் பலகைகளைக் கழற்றி அவரை நேராக எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து புதுப் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். அறையைப் பூட்டி, ஆறு மாசம் வாசலில் விளக்கு வைத்தேன்.

ஆறு மாசம் முடிந்து அறையைத் திறந்து கழுவிவிட்டார்கள். ஆனால் நான் அங்கே படுக்கவில்லை. பழைய பலகை கறுத்திருக்க, புதுப் பலகை மட்டும் வெளுப்பாக, ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். வெயில் ஏறினால் அது படக் படக்கென்று சத்தம் போடும். பலகை விரிகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் யாரோ வெளியிலிருந்து தட்டுகிறார்கள் என்றே கேட்டது. சமையலறைக்கு இறங்கும் படி அந்த அறை வாசலை ஒட்டி இருந்தது. பகலில் தாண்டிப் போவேன். இருட்டில் போகமாட்டேன். கக்கூஸுக்குப் போக வேண்டுமென்றால் முன்கதவைத் திறந்து, ஏழு படி இறங்கி, வீட்டைச் சுற்றிப் போவேன். அன்றைக்கு விடிந்தும் விடியாத நேரம், தூறல். முன்படியில் பாசி. மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவுப் பலகை ஒன்றில் என்னைக் கிடத்தி வேனில் ஏற்றினார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துவிட்டு, ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் ஒவ்வொரு சாமியைக் கூப்பிட்டேன். ஈப்போ வந்து சேர்வதற்குள் சாமிகள் தீர்ந்துபோய் மறுபடியும் பிள்ளையாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஈப்போவில் ஓர் இளம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் ஓர் உருண்டை இருக்கிறது. உருண்டைக்குக் கீழே எலும்பு ஒடுங்கிக் கழுத்து மாதிரி போகிறது. அந்தக் கழுத்துதான் எனக்கு ஒடிந்திருந்தது. வயதானவர்களுக்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, ஒடிந்தால் லேசில் ஒட்டாது. அதனால் உருண்டையை எடுத்துவிட்டு இரும்பில் செய்த உருண்டையை வைக்க வேண்டும் என்றார். மலாய்க்கார மிஸி, நர்ஸ் ஒருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜங்ஙான் தாக்குட், மச்சிக்" என்றாள். பயப்படாதே என்று சொல்பவர்கள் எல்லாம் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள்.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. எனக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருப்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அதைக் குறைக்க வேண்டும், ரத்தம் சேர்க்க வேண்டும் என்றார்கள். அதுவரை எலும்பு ஒன்றை ஒன்று குத்தாமல் இருக்க, காலில் பட்டைத் துணியைச் சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டார்கள். அந்த எடை என் காலை இழுத்துக்கொண்டே இருக்கும். மல்லாந்து படுத்த நிலையில் எனக்குத் தெரிந்த உலகம் ஒரு காற்றாடியும் ஒரு கறைபிடித்த கூரையும்தான். முதுகில் புண் வராமல் இருக்க மிஸிகள் வந்து உருட்டித் தேய்ப்பார்கள். அசிங்கமான காரியம் எல்லாம் படுத்த இடத்திலேயே, ஒரு தட்டில். முதல் நாள் அழுதேன். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று ஒரு நாள் அழுதேன்.

என் மகன் குமரேசன் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனோடு வேலை செய்யும் பையன்கள் மூன்று பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஒருவன் மலாய்க்காரன், இருவர் நம் பையன்கள். யார் ரத்தம் எனக்கு ஏறியது என்று தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரி, மூன்றாம் வகுப்பு, பில் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் குமரேசன் லீவு போட்டுப் போட்டு, சம்பளத்தில் பிடிப்பதை என்னிடம் சொல்லாமல் மறைத்தான். சாந்தி தினமும் பஸ் ஏறி, பிளாஸ்கில் ரசமும் குழைந்த சோறும் கொண்டு வருவாள். தலைமாட்டில் நின்று என் தலையை வாரிச் சிக்கெடுப்பாள். பெற்ற மகள் இல்லை என்ற குறை எனக்கு அந்தக் கட்டிலில்தான் தீர்ந்தது. இதை அவளிடம் நேரில் சொன்னதில்லை. எழுதச் சொன்னாள் அல்லவா, படித்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் அன்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை, காது மட்டும் கேட்டது. உள்ளே சுத்தியல் தட்டுகிற சத்தம். ஆ சாய் வீடு கட்டும்போது கேட்ட அதே சத்தம். என் இடுப்பிலும் ஒரு தச்சு வேலைதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்தேன்.

மறுநாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், வேலு வந்தார்.

வார்டின் கோடியில், சன்னல் இல்லாத சுவர் பக்கம் நின்றார். பால் லோரி ஓட்டும்போது போடுகிற காக்கிக் கால்சட்டை. என்னைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்து, தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தார். லைட் போன நேரத்தில் கதவைத் தேடுகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். எனக்குப் பயத்தைவிட அழுகைதான் முட்டியது. "இங்க கதவு அந்தப் பக்கம் இருக்குங்க" என்று கத்தினேன். சாந்தி ரசத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவர் தடவிக்கொண்டே மூலை வரை போனார். பிறகு அங்கே மூலைதான் இருந்தது.

டாக்டர் விளக்கினார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு, மருந்தாலும் வலியாலும் ரத்தம் இழந்ததாலும், இரண்டு மூன்று நாள் புத்தி தடுமாறும். இல்லாததைப் பார்ப்பார்கள், இடம் தெரியாமல் பேசுவார்கள். தானாகவே தெளிந்துவிடும். பைத்தியம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே தெளிந்துவிட்டது. வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் வேப்பிலை அடிக்க ஆளைத் தேடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இருந்தாலும் ஒன்று என்னை விடவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை அந்த மருந்து எப்படி வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். சிரிக்கிற மாதிரி, சாப்பிடுகிற மாதிரி. ஏன் வழி தேடுகிற மாதிரி காட்டியது?

ஒரு வாரத்தில் நடக்கப் பழக்கினார்கள். அதற்கென்று வந்தவர் சிவமலர் என்ற யாழ்ப்பாணத்துப் பெண். அவர் அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகமாம். பேச்சில் சர்க்கரை, வேலையில் மிளகாய். அலுமினியத்தில் நாலு கால் சட்டம் ஒன்றைக் கொடுத்து, "முதல்ல சட்டத்தைத் தள்ளுங்கோ. பிறகு உடைஞ்ச காலை வையுங்கோ. பிறகு மற்றக் கால்" என்பார். கட்டிலிலிருந்து சன்னல் வரை போய் வந்தால் பத்து மரம் கூடுதலாகச் சீவின களைப்பு.

செய்யக் கூடாதவையும் சொன்னார். குந்தக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. காலை மடக்கிச் சம்மணம் போடக் கூடாது. தாழ்ந்த நாற்காலி கூடாது. மீறினால் இரும்பு உருண்டை குழியிலிருந்து நழுவிவிடும், மறுபடியும் ஆபரேஷன். ஒரு தமிழ்ப் பெண்ணிடம் குந்தாதே, தரையில் உட்காராதே என்றால், பிறகு எங்கேதான் இருப்பது என்று கேட்டேன்.

"அதைத்தான் அம்மா நானும் கேட்க வந்தனான்" என்றார் சிவமலர். "உங்கட வீட்டில படி எத்தனை?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. குமரேசனை வரச் சொல்லி, எக்ஸ்ரே உறையின் பின்புறத்தில் வீட்டைப் படம் போடச் சொன்னார். முன்னால் ஏழு. உள்ளே நாலு. குந்துகிற கக்கூஸ், வெளியே. சிவமலர் பேனாவால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனார். "இந்த வீட்டுக்கு அம்மாவை என்னால அனுப்பேலாது. எங்க போறா என்று முடிவு பண்ணிச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் டாக்டரிட்ட வீட்டுக்கு விடச் சொல்லுவன்."

குமரேசன் வீடு மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது. "எங்க வீட்டுக்கு வாங்க அத்தை. பையன்கள் ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்கட்டும்" என்றாள் சாந்தி. மனதார அழைத்தாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்காலியில் வைத்து நாலு பையன்கள் என்னை மேலே தூக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் நான் கீழே வருவது எப்போது? மறுபடியும் நாலு பேர் தூக்கும்போதுதான்.

இன்னொரு வழியும் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மீனாட்சி என்று ஒரு கிழவி. அவளுக்கும் இடுப்புதான், எனக்கு முன்பே குணமாகிவிட்டது. கூட்டிப்போக ஆள் இல்லை. மகன்கள் இருந்த எஸ்டேட் கைமாறி, யார் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. பார்வையாளர் நேரத்தில் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து உட்காருவாள். ஒரு நாள் முதியோர் இல்லத்திலிருந்து வேன் வந்தது. ஏறும்போது, "அங்க கட்டில் ஒசரமா இருக்குமாம்லா, நல்ல வசதி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

எனக்கு என் வீடு வேண்டும். சுவரில் படக்கென்று சத்தம் கேட்கிற, நான் பயப்படுகிற, என் வீடுதான் வேண்டும். வயதான காலத்தில் ஒருத்திக்கு எது வீடு என்று பெரிதாக யோசித்ததில்லை. யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து வெளியே போய், யாரையும் கேட்காமல் உள்ளே வர முடிந்தால் அது வீடு. மற்றதெல்லாம் வார்டு.

எக்ஸ்ரே உறையை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குமரேசன் வீட்டை நாலு கோடாகப் போட்டிருந்தான். படி இல்லாத ஒரே ஒரு பக்கம் இருந்தது. அதை அவனும் பார்த்திருப்பான். பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறான்.

"குமரேசா, அந்தச் சுவரத் தொறந்துடு" என்றேன்.

அவன் எதைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. "அம்மா, அது அப்பா போன வழிம்மா" என்றான்.

செய்தி ஹுத்தான் மெலிந்தாங் ஊருக்குப் போய், என் நாத்தனார் செல்லம்மா இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். வேலுவுக்கு அக்கா, எழுபதைத் தாண்டியவள். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவள். அடைப்பன்று சுவரை நெருக்கமாக அடிக்கச் சொல்லி ஒவ்வோர் ஆணிக்கும் பக்கத்தில் நின்றவள். கட்டில் பக்கத்து நாற்காலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"செத்தவன் போன வழியா உசுரோட இருக்கறவ வரலாமா பாக்கியம்? எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

"கேட்டதில்ல அண்ணி. இடுப்புல இரும்பு வச்சிக்கிட்டு ஏழு படி ஏறினவளையும் கேட்டதில்ல."

"அத எதுக்கு அடைச்சோம்? அவன் திரும்பி வந்தா வழி தெரியக் கூடாதுன்னுதான். நீ தொறந்து வச்சா?"

"இப்ப மட்டும் வராமயா இருக்காரு" என்றேன். வார்டில் பார்த்ததைச் சொன்னேன். சுவரைத் தடவிக்கொண்டு போனதைச் சொன்னேன். மருந்தால் வந்தது என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

செல்லம்மா வார்டின் கோடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "என்ன உடுத்திருந்தான்?" என்று கேட்டாள். காக்கி என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ என்னமோ பண்ணு. நான் அந்த வழியா வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் குமரேசன் தினமும் வந்து சொன்னது. பண்டாரத்தைக் கேட்டானாம். அடைப்பு கழிந்து வருஷம் தாண்டிவிட்டதால் திறக்கலாம், ஆனால் வெறும் ஓட்டையாக இருக்கக் கூடாது, முறைப்படி நிலை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு வாசலாக்க வேண்டும் என்றார் பண்டாரம். நிலை என்றால் கீழேயும் ஒரு கட்டை வேண்டும். வாசற்படியில்தான் லட்சுமி இருக்கிறாள், அது இல்லாவிட்டால் அது வாசலே இல்லை.

சிவமலரிடம் சொன்னேன். "வாசற்படி வைக்கவே கூடாது" என்று தலையை ஆட்டினார். "சட்டத்திட கால் அதில தட்டினா முகங்குப்புற விழுவியள். பெரும்பாலும் ஆக்கள் விழுறது அங்கதான்." பண்டாரம் கட்டை வேண்டும் என்கிறார், சிவமலர் கட்டை கூடாது என்கிறார். லட்சுமி ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். இரண்டு நாள் குமரேசன் இரண்டு பேருக்கும் நடுவில் பஸ்ஸில் அலைந்தான்.

வழி சொன்னது சாந்தி. "கட்டைய வைங்க. ஆனா மேல தெரியாம பள்ளம் தோண்டிப் பொதைச்சிடுங்க. உள்தரையும் வெளித்தரையும் கட்டையும் ஒரே மட்டமா இருக்கட்டும். லெச்சுமி எங்க இருந்தா என்ன, இருந்தா சரிதானே" என்றாள். பண்டாரம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாராம். சிவமலர் சிரித்துவிட்டு, சட்டத்தின் அகலத்தை முழம் போட்டுக் காட்டி, கதவு அதைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும் என்றார்.

ஆ சாய்தான் வேலைக்கு வந்தார். அவர்களிடமும் இதற்கெல்லாம் பயம் உண்டு. பலகையைத் தொடும் முன் ஊதுபத்தி கொளுத்தி, சுத்தியலில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டாராம். ஆணியைப் பிடுங்கும்போது குமரேசனிடம், "உங்கப்பாகிட்ட அப்பவே நான் சொன்னேன்லா, இங்கதான் கதவுன்னு" என்றாராம். கட்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினார். ஒரு நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி, வாளி வைக்கிற மாதிரி செய்தார். அறையை ஒட்டியே, உட்காருகிற கக்கூஸுக்கு இடம் ஒதுக்கி, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் தண்ணீர்க் குழாயைக் கைப்பிடியாக முடுக்கினார். இதையெல்லாம் கால் உடைவதற்கு முன்பே செய்திருக்கலாம். முன்பே செய்தால் அபசகுனம் என்று நினைக்கிற சாதி நாம்.

வீட்டுக்கு விட்ட அன்று வேன் மேட்டுப் பக்கம் வந்து நின்றது. வெளுத்த பலகை இல்லை. அங்கே புதுக் கதவு, மஞ்சள் பூசிய நிலை, மாவிலை. சாந்தி ஆரத்தித் தட்டோடு நின்றாள். இந்த இடத்தில் அவரை எந்தப் பக்கம் தலை வைத்து எடுத்தார்கள் என்பதுகூட நினைவில் இருந்தது. அவர் வெளியே போன கோட்டிலேயே நான் உள்ளே போகப் போகிறேன்.

"வலது காலை எடுத்து வைங்க அத்தை" என்றாள் சாந்தி.

சட்டத்தைத் தள்ளினேன். உடைந்த கால்தான் முதலில் என்று சிவமலர் சொன்னதும் வலது கால்தான். வாழ்க்கையில் ஒரு முறையாவது சாஸ்திரமும் ஆஸ்பத்திரியும் ஒத்துப்போயின. புதைந்த கட்டை காலில் தட்டவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அந்த அறையில்தான் இப்போது படுக்கிறேன். புதுக் கதவும் வெயிலில் சத்தம் போடத்தான் செய்கிறது. சில நேரம் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்து பார்ப்பேன். மேடு இருக்கும், பக்கத்து வீட்டுக் கோழிகள் இருக்கும். அவர் இருக்கமாட்டார். பயந்துகொண்டுதான் திறக்கிறேன். யாரும் இல்லை என்று பார்த்ததும் நெஞ்சில் வருவது நிம்மதி மட்டும் இல்லை.

போன மாதம் செல்லம்மா வந்தாள். முன்பக்கம் படிக்குக் கீழே நின்றுகொண்டு, "பாக்கியம்" என்று குரல் கொடுத்தாள். நான் கட்டிலில் இருந்தபடியே, "கதவு தொறந்துதான் இருக்கு, வாங்க அண்ணி" என்றேன். இரண்டு படி ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மூச்சு வாங்குவது. பிறகு இரண்டு படி இறங்குகிற சத்தம். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

வீட்டைச் சுற்றி வந்து மேட்டுப் பக்க வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். என்னைப் பார்க்கவில்லை. நிலையின் ஒரு பக்கத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுடா. அக்கா உள்ள வாரேன்" என்றாள்.

ஓர் ஆள் விலகி வழிவிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளே வந்தாள். நான் காலைப் பார்த்து நகர்த்தி, கட்டிலில் இரண்டு பேருக்கு இடம் விட்டேன்.